பினாங்கு நாட்குறிப்பு: உருகிய மெழுகும் வியர்த்த உருளையும்

முதல் நாள், புதன்

விமான நிலையக் கதவைத் தாண்டி வெளியே வந்ததும் என் மூக்குக்கண்ணாடி முழுவதும் நீர் படர்ந்துவிட்டது. துடைத்தேன், மறுபடியும் படர்ந்தது. காலை ஒன்பது மணிக்கே 30 டிகிரி. பினாங்கின் காற்றில் அவ்வளவு ஈரம்.

நான் திருச்சியில் இயந்திரப் பொறியியல் ஆய்வு மாணவி. ஹைட்ரஜனை எரிபொருளாகச் சேமிக்கும் கலன்களுக்குள் வெப்பம் என்ன செய்கிறது என்பதுதான் மூன்று ஆண்டுகளாக என் வேலை. இங்கே, மலேசியாவில், பினாங்குத் தீவுக்கு எதிரே பெருநிலப் பக்கத்தில் உள்ள ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் சில நாள்கள் சோதனை செய்ய இடம் தந்திருக்கிறார்கள். இரவுதோறும் அன்றன்று நடந்ததை எழுதிப் பதிவிடுகிறேன் என்று நண்பர்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

தங்கியிருப்பது ஜார்ஜ் டவுனில், லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஒரு பழைய கடைவீட்டின் மாடியில். வீட்டுக்கார அக்காவின் தந்தை நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தவராம். திருச்சி என்றதும் அக்கா உச்சிப்பிள்ளையார் கோயிலைப் பற்றித்தான் முதலில் கேட்டார், அவர் அதை இதுவரை பார்த்ததில்லையாம். ஒரு கோப்பி ஓ, அதாவது பாலில்லாத காப்பி, கையில் கொடுத்து, வாடகைக் கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். மாலையில் குயின் தெருவில் 1833-ல் எழுந்த மகா மாரியம்மன் கோயிலுக்குப் போய் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தேன். இன்று வேறெதுவும் இல்லை. சோதனைக்காகப் பெட்டியில் கொண்டுவந்த மெழுகுப் பொட்டலம் உடையாமல் வந்திருக்கிறது.

இரண்டாம் நாள், வியாழன்

படகில் கால் மணி நேரத்துக்குள் எதிர்க்கரையில் பட்டர்வொர்த். ஆய்வுக்கூடப் பொறுப்பாளர் காருடன் காத்திருந்தார். ஐம்பதைக் கடந்தவர், ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். ‘சார்’ என்று கூப்பிட்டேன். ‘அண்ணன் என்றே சொல், தங்கச்சி’ என்றார். அதன் பிறகு அண்ணன்தான்.

நான் எதிர்பார்த்தது குளிரூட்டப்பட்ட அறை. அண்ணன் அழைத்துப் போனது தகரக் கூரை போட்ட, மூன்று பக்கமும் திறந்த கொட்டகைக்கு. காரணம் சரியானது. ஹைட்ரஜன் காற்றில் 4 முதல் 75 விழுக்காடு வரை எந்த அளவில் கலந்திருந்தாலும் பற்றிக்கொள்ளும். அதன் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. ஆனால் அதைவிட இலேசான வாயு உலகில் இல்லை. கசிந்தால் மேலே ஓடிவிடும். ஓடுவதற்கு வழி விட்டு வைப்பதே முதல் பாதுகாப்பு. கூரையின் உச்சியில் நீளத்துக்கும் திறப்பு விட்டிருக்கிறார்கள்.

ஹைட்ரஜனின் சங்கடத்தை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு கிலோ ஹைட்ரஜனில் 120 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. பெட்ரோலைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆனால் அந்த ஒரு கிலோ, சாதாரண அறையில் 12 கன மீட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். ஒரு சின்ன அறையே நிரம்பிவிடும். 700 பார் அழுத்தத்தில் (ஒரு பார் ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) நெருக்கினால் லிட்டருக்கு 40 கிராம் அடங்கும். –253 டிகிரிக்குக் குளிரவைத்துத் திரவமாக்கினால் 71 கிராம். மூன்றாவது வழி, உலோகத்தைக் குடிக்கவைப்பது. பல்லேடியம் ஹைட்ரஜனை உறிஞ்சுகிறது என்று தாமஸ் கிரஹாம் 1866-ல் கண்டார். என் உருளைகளில் இருப்பது லாந்தனம் ஓர் அணுவுக்கு நிக்கல் ஐந்து அணு சேர்ந்த உலோகக் கலவை. ஒரு கிலோ பொடி, கைக்கு ஒரு டம்ளர் அளவுதான். அதற்குள் 14 கிராம் ஹைட்ரஜன், அதாவது சுமார் 170 லிட்டர் வாயு, அணுவாகப் பிரிந்து உலோக அணுக்களின் இடுக்குகளில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அந்தப் படிகத்துக்குள் ஹைட்ரஜன் நிற்கும் நெருக்கம், திரவ ஹைட்ரஜனின் நெருக்கத்தையும் மிஞ்சும். இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுப்பதில்லை.

விலை வெப்பமாக வருகிறது. ஒரு கிலோ ஹைட்ரஜன் இந்தக் கலவைக்குள் நுழையும்போது 15 மெகாஜூல் வெப்பம் வெளியே வரும். 30 டிகிரியில் இருக்கும் 50 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக அது போதும். அண்ணன் முன்பு ஏர்கான் பழுதுபார்த்தவர் என்பதால் கணக்கை அவருடைய மொழியில் போட்டுக் காட்டினேன். ஒரு காருக்கு ஐந்து கிலோ, ஐந்து நிமிடத்தில் நிரப்ப வேண்டும் என்றால் வினாடிக்கு 250 கிலோஜூலை அப்புறப்படுத்த வேண்டும். ஒரு டன் ஏர்கான் எழுபது வேண்டும். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, ‘அப்படியானால் இது வாயுப் பிரச்சினை இல்லை, சூட்டுப் பிரச்சினை’ என்றார். என் ஆய்வேட்டின் முதல் அத்தியாயம் முழுவதும் சொல்வது இதைத்தான்.

இரண்டு உருளைகள் தயாராக இருந்தன. ஒன்றுக்கு மேலுறை கிடையாது. இன்னொன்றைச் சுற்றி மெழுகு நிரப்ப ஓர் உறை. இன்று உறையில்லாததைத் தொட்டோம். சோப்பு நீர் பூசி இணைப்புகளைச் சோதித்து, வெற்றிடம் எடுத்து, பத்து பார் அழுத்தத்தில் ஹைட்ரஜனைத் திறந்தோம். உருளையின் சூட்டைக் காட்டும் தெர்மோகப்பிள் 31-ல் தொடங்கி விறுவிறுவென்று ஏறி 70-ஐத் தொட்டது. அதோடு உறிஞ்சுவது ஏறக்குறைய நின்றுபோனது. பொடி சூடாக ஆக, ஹைட்ரஜனை உள்ளே பிடித்து வைக்கத் தேவையான அழுத்தமும் ஏறுகிறது. எழுபது டிகிரிக்கு மேல் அந்தத் தேவை, நான் கொடுக்கும் பத்து பாரை எட்டிவிடுகிறது. இனி சூடு வெளியேறினால்தான் அடுத்த வாய். சூடோ, பொடியின் வழியே எளிதில் நகராது. ஹைட்ரஜனை ஏற்றி இறக்கும்போது கலவை கால் பங்கு விரிந்து சுருங்கி, சில மைக்ரான் அளவுக்கு நொறுங்கிவிடுகிறது. உலோகம்தான், ஆனால் மாவு. மாவு வெப்பத்தைக் கடத்தாது.

உருளையை வாயுவோடு இணைத்தபடியே விட்டுவிட்டு வந்தோம். மெள்ளக் குடித்து முடிக்கட்டும்.

மூன்றாம் நாள், வெள்ளி

மெழுகு உருகிவிட்டது.

நேற்று பொட்டலத்தைக் கொட்டகை அலமாரியில் வைத்திருந்தேன். இன்று பிற்பகல் எடுத்தபோது உள்ளே எண்ணெய் போலத் தளும்பியது. 35 டிகிரியில் உருகும் பாரஃபின் அது. தகரக் கூரையின் கீழ் வெப்பமானி 37 காட்டியது.

இந்த மெழுகுதான் என் ஆய்வின் உயிர். ஹைட்ரஜன் உள்ளே போகும்போது வரும் சூட்டை மெழுகு உருகி வாங்கிக்கொள்ள வேண்டும். ஹைட்ரஜன் வெளியேறும்போது உருளை குளிரும். அப்போது மெழுகு உறைந்து அதே சூட்டைத் திருப்பித் தர வேண்டும். வெளியிலிருந்து தண்ணீரும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். மூன்று ஆண்டுகள் கணினியில் போட்ட கணக்கு இது. ஏற்கெனவே உருகிக் கிடக்கும் மெழுகு எதை வாங்கும்?

ஏன் 35 டிகிரி மெழுகைத் தேர்ந்தேன் என்று பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தேன். நான் படித்த கட்டுரைகளில் சுற்றுப்புறம் 20 அல்லது 25 டிகிரி. குளிர்விக்கும் தண்ணீர் 20. அதை வைத்துக் கணக்கிட்டால் 35 பொருத்தமான எண். எங்கள் திருச்சி ஆய்வுக்கூடத்திலோ இரவும் பகலும் ஏ.சி. ஓடுகிறது, மெழுகு அங்கே வெள்ளைக் கட்டியாகவே இருந்தது. வெளியே சித்திரை வெயில் கொளுத்த, ஓர் அறைக்குள் குளிர் நாட்டை உண்டாக்கி அதற்குள் உட்கார்ந்து, வெப்ப நாட்டுக்கான கலனை வடிவமைத்திருக்கிறேன். இது என் தவறு. ஆனால் என்னோடு நிற்கும் தவறு இல்லை. இந்தக் கலவையில் பத்து டிகிரி கூடினால் சமநிலை அழுத்தம், அதாவது ஹைட்ரஜனை உள்ளே பிடித்து வைக்கத் தேவையான அழுத்தம், ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகிறது. 20 டிகிரித் தண்ணீரை நம்பி வரைந்த கலனை 30 டிகிரித் தண்ணீரில் வைத்தால் அது வேறு கலன். நம் ஊர்க் குழாயில் 20 டிகிரித் தண்ணீர் எப்போது வந்தது?

அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு பிளாஸ்க் தேநீரோடு வந்து உட்கார்ந்தார். தோட்டத்தில் அவருடைய தந்தை புகைக்கூடத்தில் வேலை பார்த்தவராம். பால் உறைந்த தகடுகளைக் கழியில் தொங்கவிட்டு, ரப்பர் விறகின் புகையில் நான்கைந்து நாள்கள் காயவைப்பார்கள். வெள்ளையாகப் போனது பழுப்பாக வரும். சூடு 60 டிகிரியைத் தாண்டினால் தகட்டில் கொப்புளம் விழுந்து தரம் போய்விடும். குறைந்தால் காயாது, பூசணம் பிடிக்கும். மழைக்காலத்தில் விறகு ஒரு கணக்கு, வெயில் காலத்தில் ஒரு கணக்கு. ‘அப்பாவிடம் ஒரே எண் இருந்ததில்லை. வெளியே என்ன காற்று என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே தீ வைப்பார்’ என்றார் அண்ணன்.

இந்தப் பேச்சை அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

நான்காம் நாள், சனி

காலையிலிருந்து மழை. மதியம் அண்ணனும் ஆய்வு மாணவர் இருவரும் நாசி கண்டார் சாப்பிடத் தீவுக்கு வந்தார்கள். தோளில் காவடி போலக் கம்பைச் சுமந்து, இருபுறமும் சோறும் குழம்பும் தொங்கவிட்டு விற்ற தமிழ் முஸ்லிம்களின் சோறு இது. ‘கண்டார்’ என்பது அந்தக் கம்பு. நான்கு குழம்பையும் ஒன்றாக ஊற்றச் சொல்ல வேண்டுமாம். சொன்னேன், இனி வேறு மாதிரிச் சாப்பிட மாட்டேன்.

மாணவர்களில் ஒருவர், ஏன் திரவமாக்கிவிடக் கூடாது என்று கேட்டார். 2022-ல் சுயிசோ ஃப்ரான்டியர் என்ற ஜப்பானியக் கப்பல் ஆஸ்திரேலியாவிலிருந்து கோபேவுக்குத் திரவ ஹைட்ரஜனைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. முடியும் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் அங்கேயும் வெப்பம்தான் காவலுக்கு நிற்கிறது. திரவமாக்கவே அந்த ஹைட்ரஜனில் உள்ள ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு செலவாகிறது. அதற்கு மேல் ஒரு விசித்திரம். ஹைட்ரஜன் மூலக்கூறின் இரண்டு கருக்களும் ஒரே திசையில் சுழன்றால் ஆர்த்தோ, எதிரெதிராகச் சுழன்றால் பாரா. அறை வெப்பத்தில் நான்கில் மூன்று ஆர்த்தோ. –253 டிகிரியிலோ ஏறத்தாழ அனைத்துமே பாராவாக இருக்க விரும்பும். அவசரமாகக் குளிரவைத்துத் தொட்டியில் ஊற்றிவிட்டால், உள்ளேயே நாள்கணக்கில் ஆர்த்தோ பாராவாக மாறிக்கொண்டிருக்கும். அந்த மாற்றத்தில் பிறக்கும் வெப்பம், திரவத்தை ஆவியாக்கத் தேவையான வெப்பத்தைவிட அதிகம். உலகிலேயே சிறந்த வெப்பக் காப்பு போட்ட தொட்டியாக இருந்தாலும் சரக்கு தானாகவே கொதித்துக் காலியாகும். அதனால் குளிரவைக்கும் வழியிலேயே இரும்பு ஆக்சைடு போன்ற வினையூக்கியின் மேல் ஓடவிட்டு மாற்றி முடித்துவிடுகிறார்கள்.

பேச்சு, கிழக்கு மலேசியாவின் சரவாக் மாநிலத் தலைநகர் கூச்சிங்கில் அறிமுகமான ஹைட்ரஜன் பஸ்கள் பக்கம் திரும்பியது. சரவாக்கில் நீர்மின்சாரம் இருக்கிறது, அதனால் அங்கே முதலில் வந்தது. மலேசியா தன் ஹைட்ரஜன் திட்ட வரைவை 2023 அக்டோபரில் வெளியிட்டது. இந்தியா அதே ஆண்டு ஜனவரியில் 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் பசுமை ஹைட்ரஜன் என்ற இலக்கை அறிவித்தது. இரண்டும் வெப்ப நாடுகள். உற்பத்தியைப் பற்றி இத்தனை பேச்சு நடக்கும்போது, உற்பத்தியானதை 35 டிகிரி நிழலில் எதில் வைப்பது என்ற கேள்விக்கு உரிய இடம் தரவில்லை என்பது என் ஆதங்கம்.

ஒரு இரவுக்கான மின்சாரத்தைச் சேமிக்க பேட்டரிதான் சிறந்தது என்பதையும் அந்த மேசையிலேயே ஒப்புக்கொண்டேன். மின்சாரத்தை ஹைட்ரஜனாக்கி மறுபடி மின்சாரமாக்கினால் மூன்றில் ஒரு பங்குதான் கைக்கு வரும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வைத்திருக்க வேண்டிய இடத்தில்தான் ஹைட்ரஜனுக்கு வேலை.

ஐந்தாம் நாள், ஞாயிறு

அக்கா விடியும் முன்பே எழுப்பி தண்ணீர்மலைக்கு அழைத்துப் போனார். ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். தைப்பூசத்தில் ரதம் வரும் வழி, உடைபடும் தேங்காய்கள், காவடிக் கூட்டம் என்று ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று காட்டினார். மேலே முருகனைப் பார்த்துவிட்டு மண்டபத்தில் உட்கார்ந்தபோது ஜார்ஜ் டவுன் முழுவதும் கீழே தெரிந்தது. கூரைகளில் சூரியத் தகடுகள் மின்னின.

அங்கே உட்கார்ந்துதான் இன்னொன்று உறைத்தது. சூரிய மின்சாரத்தில் ஹைட்ரஜன் எடுத்தால், உருளையை நிரப்ப வேண்டிய நேரம் நண்பகல். குளிரவைக்க மிகக் கடினமான நேரமும் அதுவே. வெளிக்காற்றுக்குச் சூட்டைத் தள்ள நினைப்பதுதான் பிழை. இன்னும் அதிகச் சூட்டில் உருகும் மெழுகு வேண்டும்; கொட்டகை வெயிலில் கல்லாக நிற்கும் மெழுகு. பொடி 57, 58 டிகிரியில் இருந்தாலும் பத்து பாருக்கு அது உறிஞ்சும். வேகம் குறையும், ஆனால் நிற்காது. இரவில் ஹைட்ரஜனை எடுக்கும்போது அந்த மெழுகு ஐம்பது டிகிரிக்கு மேலிருந்து சூடு கொடுக்கும். வாயு நான்கு பாருக்குக் குறையாமல் வெளியே வரும். ஹைட்ரஜனை மின்சாரமாக்கும் எரிபொருள் மின்கலத்துக்கு ஒன்றிரண்டு பாரே தாராளம்.

55 முதல் 60 டிகிரிக்குள் உருகும் மெழுகுக்கு எங்கே போவது? இறங்கும்போது அக்காவிடம் சொன்னேன். ‘மெழுகுவர்த்தி உருகாதா?’ என்றார். பாரஃபின் மெழுகுவர்த்தி உருகுவது சரியாக அந்த அளவில்தான். என் உருளையில் 14 கிராம் ஹைட்ரஜன். வரப்போகும் சூடு சுமார் 210 கிலோஜூல். ஒரு கிலோ மெழுகு உருகினால் தீர்ந்தது. லிட்டில் இந்தியாவில் ஒரு மளிகைக் கடையில் ஒன்றரை கிலோ வாங்கினேன். மின்வெட்டா என்று கடைக்காரர் அக்கறையாகக் கேட்டார்.

ஆறாம் நாள், திங்கள்

காலை முழுவதும் மெழுகுவர்த்திகளின் திரியை உருவி, வெந்நீர்த் தொட்டியில் உருக்கி, உறைக்குள் ஊற்றினோம். மெழுகும் வெப்பத்தை எளிதில் கடத்தாது; அதனால் அண்ணன் பழைய ஏர்கான் ஒன்றின் செப்புக் குழாய்களை நறுக்கி, உருளையைச் சுற்றி நெடுக்காகச் செருகிவைத்தார். என் வரைபடத்தில் அது இல்லை. இருந்திருக்க வேண்டும்.

ஒன்றரை மணிக்கு, கொட்டகை வெயிலில் தகித்துக்கொண்டிருந்தபோது, பத்து பாரில் திறந்தோம். 45, 60. அறுபத்திரண்டில் நின்றது. மெல்ல இறங்கி ஐம்பத்தெட்டில் குடியிருந்தது. வாயு ஓடிக்கொண்டே இருந்தது. வியாழக்கிழமை போல நிற்கவில்லை. மெழுகின் மேற்பரப்பு ஓரத்திலிருந்து கண்ணாடி போலத் தெளிந்துகொண்டு வந்ததை மூடியைத் திறந்து பார்த்தேன். கணினித் திரையில் நிறங்களாக மட்டுமே நான் பார்த்திருந்த கோடு அது. ஒரு சோதனையை வைத்து எதையும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. திருச்சிக்குப் போனதும், முதல் வேலையாக, ஏ.சி. அறைக்கு வெளியே ஒரு கொட்டகை கேட்கப்போகிறேன்.

நாளை காலை விமானம். கிளம்பும் முன், வியாழக்கிழமை நிரப்பிவைத்த உறையில்லாத உருளையைக் காலி செய்ய வேண்டியிருந்தது. மாலை ஆறு மணி; மழை விட்டுக் காற்று ஈரமாக நின்றது. வால்வைச் சிறிதாகத் திறந்து, வாயுவை வெளிக்குழாய் வழியே கூரைக்கு மேலே விட்டோம். ஹைட்ரஜன் உலோகத்தை விட்டு வெளியேறச் சூடு வேண்டும்; அதை உருளையிலிருந்தே எடுத்துக்கொள்ளும். 31-லிருந்து 26, 22, 19.

திருச்சியில் இதை எத்தனையோ முறை செய்திருக்கிறேன். ஏ.சி. உலர்த்தி வைத்த காற்றில் உருளை வறண்டே இருக்கும். சூட்டுக்கு ஒரு மின்பட்டையைச் சுற்றிவைப்போம். இங்கே உருளையின் மேல் முதலில் ஒரு மங்கல் படிந்தது. பிறகு பொட்டுப் பொட்டாக நீர். பிறகு துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கீழே ஓடத் தொடங்கின. ஒவ்வொரு துளியும் ஆவியிலிருந்து நீராக மாறும்போது தன் சூட்டை உருளைக்குக் கொடுத்துவிட்டுத்தான் இறங்குகிறது, கிலோவுக்கு 2.4 மெகாஜூல். நான் ஏற்பாடு செய்யாத, என் சமன்பாடுகளில் எங்கேயும் எழுதாத ஒரு சூடு, பினாங்கின் காற்றிலிருந்து என் உருளைக்குள் போய்க்கொண்டிருந்தது.

அண்ணன் விரலால் ஒரு கோடு இழுத்தார். கோட்டின் மேல் மறுபடியும் நீர் படர்ந்தது. வழியும் நீரைப் பிடித்து நிறுத்துப் பார்க்க ஒரு பாத்திரம் இருக்கிறதா என்று கேட்டேன். பிளாஸ்க்கின் மூடியைக் கழற்றி உருளையின் அடியில் வைத்தார்.